எழுதியவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர், திட்டு வாங்குபவர் ஒருவர்: தொலைக்காட்சி நகைச்சுவையை விமர்சிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இதழாசிரியர்களுக்கும், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும் விமர்சகர்களுக்கும் வணக்கம்.

ஏழு ஆண்டுகள் ஒரு தமிழ்ச் சேனலின் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஸ்கிட், அதாவது சில நிமிட நகைச்சுவை நாடகம், எழுதியவன் நான். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. இந்த மடலால் எனக்கு வாய்ப்பு வரப்போவதும் இல்லை, வந்த வாய்ப்பு கெடப்போவதும் இல்லை. தொலைக்காட்சி நகைச்சுவை தரம் தாழ்ந்துவிட்டது என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் அதில் பாதிக்கு மேல் உண்மை என்றே எனக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கண்டனம் யார் மீது போய் விழுகிறது என்பதைப் பார்க்கும்போது, எய்தவன் இருக்க அம்பை நோகும் பழைய கதைதான் நினைவுக்கு வரும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் எழுதிய ஒரு ஸ்கிட்டிலிருந்து தொடங்குகிறேன். ரேஷன் கடையில் ஒரு பாட்டி நிற்கிறார். வயதாகி விரல் ரேகை தேய்ந்துபோனதால் மெஷின் அவரை ஏற்க மறுக்கிறது. கடைக்காரருக்கு அந்தப் பாட்டியை முப்பது ஆண்டுகளாகத் தெரியும்; அவர் பெயர் சொல்லித்தான் நலம் விசாரிக்கிறார்; ஆனாலும் "மெஷின் நீங்க இல்லைங்குதே பாட்டி" என்று அரிசி தர மறுக்கிறார். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சி சொல்கிறார்கள். ஒவ்வொரு சாட்சிக்கும் கடைக்காரர் விரல் வைக்கச் சொல்ல, யாருடைய விரலையும் மெஷின் ஏற்கவில்லை. கடைசியில் தன்னுடைய விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப கடையைத் திறந்தது யாரு?" என்று கடைக்காரர் கேட்பதோடு முடியும். எழுதும்போது ஒன்பது நிமிடம்.

படப்பிடிப்பு நாளில் ஒரே ஃப்ளோரில் இரண்டு எபிசோடு எடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது நிமிடம் ஆறானது. சாட்சி சொல்லும் பகுதி முழுவதும் போயிற்று. அது போனதால் முடிவும் போயிற்று. முடிவு இல்லாத இடத்தில் சிரிப்பு குறைகிறதே என்று, பாட்டி வேடம் போட்டிருந்த நடிகரின் பருத்த உடலைக் கேலி செய்யும் மூன்று வரிகளை அங்கேயே நின்றபடி சேர்த்தார்கள். ஒத்திகையில் அந்த நடிகர் அந்த வரிகள் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஒளிபரப்பான வாரம் ஓர் இதழில் நான்கு வரியில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. அந்த நடிகரின் பெயரைக் குறிப்பிட்டு, உடலைக் காட்டிச் சிரிப்பு மூட்டும் அளவுக்கு அவர் இறங்கிவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். அவர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அண்ணே, எழுதினது நீங்க, வெட்டினது அவங்க, திட்டு மட்டும் எனக்கா?"

அந்தப் பெட்டிச் செய்தியில் பொய் எதுவும் இல்லை. மூன்று வரிகளும் மோசமானவைதான். ஆனால் அந்த விமர்சனத்தால் அந்த அரங்கில் எதுவும் மாறவில்லை. அடுத்த வாரம் அந்த நடிகர் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடித்தார், அவ்வளவுதான். நேரத்தைக் குறைத்தவர்களுக்கும், சேர்த்த வரிகளை நீக்காமல் விட்ட படத்தொகுப்பு மேசைக்கும், ப்ரோமோவுக்கு அந்த மூன்று வரிகளையே தேர்ந்தெடுத்த பிரிவுக்கும் அந்த விமர்சனம் தங்களைப் பற்றியது என்றே தெரியவில்லை.

நம் இதழியலுக்கு விமர்சனம் புதிதல்ல. ஒரு திரைப்படத்துக்கு மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணைப் பல பத்தாண்டுகள் வாசகர் நினைவில் நிற்கச் செய்த பெருமை தமிழ் வார இதழுக்கு உண்டு. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் சொல்லிக்காட்டுபவர்கள் இருக்கிறார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தது. இத்தனை காலத்தில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியை எழுத்து, நடிப்பு, படத்தொகுப்பு என்று பிரித்து, ஒரு படத்தை அலசுவதுபோல் அலசிய கட்டுரைகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட நான் படித்ததில்லை. நேர்காணல்கள் படித்திருக்கிறேன். கலைஞர்களின் ஏழ்மைக் கதைகள் படித்திருக்கிறேன். ஒருவர் இறந்தபின் வரும் உருக்கமான அஞ்சலிகளும் படித்திருக்கிறேன். 2020 செப்டம்பரில் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞர் வடிவேல் பாலாஜி மறைந்தபோது எத்தனை பக்கங்கள் எழுதினோம்! அவர் ஒரு வசனத்தை எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் எதிராளிக்கு விட்டுக்கொடுத்தார் என்பதைப் பற்றி அவர் இருந்தபோது எழுதப்பட்ட ஒரு பக்கத்தை நான் பார்க்கவில்லை.

இந்த வெற்றிடத்தில் சேனலின் காதில் விழுவது எண்கள் மட்டுமே. வியாழக்கிழமைதோறும் வரும் ரேட்டிங், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும். அவர்கள் சிரித்தார்களா, வேறு வழியின்றிப் பார்த்தார்களா என்று சொல்லாது. ரேட்டிங் ஏறிய வாரத்தில் ஓர் உருவக் கேலி இருந்திருந்தால் ஏற்றத்துக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டப்படும். அது அப்படியல்ல என்று எடுத்துக்காட்டக்கூடிய எழுத்து உங்களிடமிருந்துதான் வர முடியும்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், நம்மிடம் ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும்போது நகை எனும் சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறது. அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன். இது பழம்பெருமைக்காகச் சொல்வதல்ல. எழுத்து மேசையில் எனக்கு உதவிய பட்டியல் இது. மடன் என்பதற்கு, ஒருவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பற்றிக்கொண்டு விடாமல் நிற்பது என்று பழைய உரை பொருள் சொல்கிறது. 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை எண்ணிப் பாருங்கள். இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னதற்கு ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றொன்று எங்கே என்ற கேள்விக்குக் கையிலிருக்கும் ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டும் செந்திலிடம் இருப்பது அந்த மடன்தான். யாருடைய நிறமும் உடலும் அந்தக் காட்சியின் அச்சாணி அல்ல. நகைச்சுவைச் சேனல்கள் அதை எத்தனை முறை ஒளிபரப்பினாலும் அது தேயாமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். என் ரேஷன் கடைக்காரரும் மடன்தான். கண்ணால் கண்டதைவிட மெஷின் சொன்னதைப் பற்றிக்கொண்டு நிற்பவர். ஆறு நிமிடத்துக்கு வெட்டியபோது போனது மடன். வந்து சேர்ந்தது எள்ளல்.

இன்றைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் எள்ளல் ஒன்றை மட்டும் வைத்துப் பிழைக்கின்றன. குற்றம் எள்ளலில் இல்லை. எள்ளல் விலை மலிவானது. மடனைக் காட்ட ஒரு பாத்திரத்தை இரண்டு நிமிடமாவது வளர்க்க வேண்டும். பேதைமைக்கு ஒரு சூழலை நம்பவைக்க வேண்டும். கறுப்பாக இருப்பவரைக் கறுப்பு என்று சொல்ல மூன்று நொடி போதும். ஆகவே ஒரு ஸ்கிட்டில் உருவக் கேலி மிகுந்திருந்தால், ஆபாசம் என்று முடிப்பதற்கு முன்னால், அந்த ஸ்கிட்டுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டது, எத்தனை ஸ்கிட்டுகள் ஒரே எபிசோடில் அடைக்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை எழுதினால் அது நிகழ்ச்சித் தயாரிப்பாளரை நேராகச் சென்று சேரும்.

நல்ல எள்ளலும் நம் தொலைக்காட்சியில் இருந்திருக்கிறது. விஜய் டிவியின் 'லொள்ளு சபா' புகழ்பெற்ற படங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் கதாநாயகத் தோரணையையும் தர்க்க ஓட்டைகளையும் அவிழ்த்துக் காட்டியது. கேலி செய்தவர்கள் சிறியவர்கள், கேலிக்கு ஆளானவை பெரிய படங்கள். செட்டின் ஏழ்மைகூட அங்கே ஒரு நகைச்சுவையாக இருந்தது. சந்தானம் அங்கிருந்துதான் திரைக்குப் போனார். ஆனால் அதே நிகழ்ச்சியில் கறுத்த நிறத்தையும் பல்லையும் வழுக்கையையும் சொல்லிச் சிரித்த வரிகளும் நிறையவே உண்டு. அதை நினைவுகூரும் கட்டுரைகள் ஒன்று முழுக்கப் பொற்காலம் என்கின்றன, அல்லது இன்றைய கண்ணோட்டத்தில் முழுக்கத் தள்ளிவிடுகின்றன. ஒரே எபிசோடில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன என்பதை அப்படியே எழுதக்கூடிய விமர்சகர்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படுவார். எந்த வரி படத்தைக் கேலி செய்தது, எந்த வரி பக்கத்தில் நின்ற சக நடிகரைக் கேலி செய்தது என்று அவர் பிரித்துச் சொன்னால் அடுத்த ஸ்கிட் எழுத உட்காருபவருக்கு அது பாடமாகும்.

ஆண்கள் பெண் வேடம் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைத் தடை செய்ய வேண்டும் என்று எழுதுபவர்கள், தெருக்கூத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண்களே திரௌபதியாகவும் சுபத்திரையாகவும் ஆடிவருவதை மறந்துவிடுகிறார்கள். கூத்தில் வேடம் கட்டியவர் பெண்ணாகவே நம்பப்படுகிறார். அவர் துகில் பற்றப்படும்போது கூட்டம் அழுகிறது. தொலைக்காட்சி அரங்கில் அந்த கெட்டப்பே பெரும்பாலும் ஜோக்காகிவிடுகிறது: புடவை கட்டிய ஆண் நடந்து வந்தாலே சிரிக்க வேண்டும், அவரை யாராவது தொட்டாலோ தள்ளினாலோ இன்னும் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு பெண்கள் மீதும் திருநங்கைகள் மீதும் போய் விழுகிறது. வேடம் போடலாமா என்று கேட்காமல், வேடம் போட்ட பிறகு அந்தப் பாத்திரத்துக்குப் பேச ஒரு விஷயம் இருந்ததா என்று கேளுங்கள். அதோடு, அதே பாத்திரத்தை ஏற்கக்கூடிய பெண் கலைஞர்களுக்கு அந்த மேடையில் ஏன் இவ்வளவு குறைந்த இடம் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நடிகரால் பதில் சொல்ல முடியாது. ஆள் தேர்வு செய்பவர்தான் சொல்ல வேண்டும். சேட்டு வந்தால் ஒரு கொச்சைத் தமிழ், மலையாளி வந்தால் ஒரு மூக்குத் தமிழ், ஈழத்தமிழர் வந்தால் ஓர் இழுவை என்று வைத்திருக்கும் அச்சுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

எள்ளலைப் பற்றி, தொல்காப்பியத்தின் பழைய உரையாசிரியரான பேராசிரியர் என்பவரின் உரையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, தன்னைப் பிறர் எள்ளும்போது தானே நகுவது மற்றொன்று என்று அவர் இரண்டாகப் பிரிக்கிறார். 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கில், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனைப் பற்றிய வழக்கமான எண்ணங்களைக் கேள்வி கேட்கும் நகைச்சுவை வேறு என்று வேறுபடுத்திச் சொன்னபோது எனக்கு அந்த உரைதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் இரண்டிலிருந்தும் விமர்சகருக்கு ஒரே கேள்வி கிடைக்கிறது. மேடையில் கேலிக்கு உள்ளாகும் அந்த நபர், அந்தச் சிரிப்பில் பங்குதாரரா, அல்லது வெறும் பொருளா? தன் குள்ள உருவத்தைப் பற்றித் தானே ஒரு ஜோக் கட்டி, அதன் முடிவில் எதிரில் நிற்பவரை முட்டாளாக்கும் ஒரு கலைஞரையும், பிறர் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வதற்காக மட்டும் மேடைக்கு அழைக்கப்படும் ஒரு கலைஞரையும் ஒரே 'உருவக் கேலி' என்ற சொல்லால் கண்டித்தால், முதலாமவருக்கு நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள்.

குழந்தைகள் நடிக்கும் நிகழ்ச்சிகளில் இன்னும் கவனம் வேண்டும். பெரியவர்களின் இரட்டை அர்த்த வசனத்தை எட்டு வயதுக் குழந்தை பேசினால், அதை எழுதியவரையும் அதற்குக் கைதட்டிய நடுவரையும் கேளுங்கள். குழந்தையின் பெயரை எழுதாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது 2022 ஜனவரியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் அரசனும் அமைச்சருமாக வந்து பணமதிப்பிழப்பைக் கேலி செய்யும் ஒரு ஸ்கிட்டை நடித்தார்கள். தமிழக பா.ஜ.க. தரப்பிலிருந்து புகார் போயிற்று. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருமாறு சேனலைக் கேட்டது. அந்த நாட்களில் வந்த எழுத்துகளில் இரண்டே அணிகள் இருந்தன: சிறுவர்களைக் கொண்டு அரசியல் பேசலாமா என்று ஒன்று, கருத்துச் சுதந்திரம் என்று மற்றொன்று. அந்த ஸ்கிட் நகைச்சுவையாக எப்படி இருந்தது, அரசன் வேடத்துக்கு எழுதிய வரிகளில் எது குழந்தைகளின் வாயில் இயல்பாக இருந்தது, எது திணிக்கப்பட்டதுபோல் இருந்தது என்று ஒரு பத்தி எழுத அப்போது யாருக்கும் பொழுது இருந்ததாகத் தெரியவில்லை. புகார் எழுதுவதும் விமர்சனம் எழுதுவதும் வேறு வேறு வேலைகள். பெண்களையும் குழந்தைகளையும் இழிவுபடுத்தக் கூடாது, மொழியாலும் வட்டாரத்தாலும் ஒரு பிரிவினரை ஏளனமாகக் காட்டக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே இருக்கிறது. மீறல் என்றால் புகார் செய்ய வழியும் இருக்கிறது. விமர்சகர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால், ஆட்சியாளரைக் கேலி செய்யும் ஸ்கிட்டுக்கும் ஏழை நடிகரின் உடலைக் கேலி செய்யும் ஸ்கிட்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுதும் நிலை வந்துவிடும். சேனல்களும் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொள்ளும்: அரசனைத் தொடாதே, பக்கத்தில் நிற்பவனைத் தொடு. அது எவ்வளவு பத்திரமான வழி என்று எனக்கு எழுத்து மேசையிலேயே சொல்லித்தரப்பட்டது.

சிரிப்பொலியைப் பற்றி ஒரு வார்த்தை. 'அசத்தப்போவது யாரு' நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு அதில் நடுவராக இருந்த, மறைந்த நடிகர் மதன் பாப் அவர்களின் சிரிப்பு தெரியும். அது அவருடைய இயல்பான சிரிப்பு, ஓர் இசைக்கருவிபோல் அந்த நிகழ்ச்சிக்கே அடையாளமானது. ஆனால் நான் வேலை செய்த இடத்தில், நடுவர் ஒருவர் முதல் ஸ்கிட்டுக்குச் சிரித்த ரியாக்ஷன் ஷாட்டை எடுத்து நான்காவது ஸ்கிட்டில் ஒட்டுவது அன்றாட வேலை. சிரிப்பு வராத வரிக்கு மூன்று பேர் நாற்காலியிலிருந்து விழுந்து சிரிப்பதைக் காட்டினால், வீட்டில் இருப்பவர் தனக்குத்தான் புரியவில்லையோ என்று எண்ணிக்கொள்வார். விமர்சகர்கள் இதைக் கவனிப்பது மிக எளிது. நடுவரின் துப்பட்டா எந்தப் பக்கம் இருந்தது, மேசையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று பார்த்தாலே போதும். ஒரே ஒரு முறை ஓர் இதழ் அதைப் படத்தோடு எழுதியிருந்தால் எங்கள் தொகுப்பு அறையில் பெரிய கலவரமே நடந்திருக்கும், நல்ல கலவரம்.

கடைசியாக, சொல்லும் முறை. 'மொக்கை' என்று ஒரு சொல்லில் முடிப்பது வாசகருக்கு இனிக்கும், எங்களுக்கு எதுவும் தராது. நீங்கள் மென்மையாக எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. துல்லியமாக எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பெண் பார்க்கும் ஸ்கிட்டில் மாப்பிள்ளை தன் பொய்யை நான்காவது நிமிடத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டதால், அதற்குப் பிறகு பார்ப்பவர் காத்திருக்க எதுவும் மிச்சமில்லை என்று ஒருவர் எழுதினால், அது கடுமையான விமர்சனம்தான். ஆனால் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வேன். பகிரப்படும் முப்பது நொடித் துணுக்கைப் பார்த்து எழுதாமல் முழு எபிசோடையும், முடிந்தால் அடுத்தடுத்து மூன்று வாரங்களையும் பார்த்து எழுதுங்கள்; போட்டி நிகழ்ச்சியில் ஒருவர் எலிமினேஷனுக்கு முந்தைய வாரம் நடுங்குவதும் அடுத்த வாரம் விடுபட்டுப் பறப்பதும் ஒரு வாரத்தில் தெரியாது. எழுதியவரின் பெயரைத் தேடுங்கள். நிகழ்ச்சியின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அது படிக்க முடியாத வேகத்தில் போகும், நிறுத்திப் பாருங்கள். பாராட்டும்போதும் குறை சொல்லும் அதே துல்லியத்தோடு பாராட்டுங்கள், 'செம காமெடி' என்பதும் எங்களுக்கு மொக்கைதான்.

எங்கள் தரப்பிலும் குற்றம் இருக்கிறது. அந்த மூன்று வரிகளைச் சேர்த்தபோது நான் ஃப்ளோரில்தான் இருந்தேன். என் பெயர் பட்டியலில் வரும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. விமர்சகர் யாராவது என் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் அன்று நான் வெட்கப்பட்டிருப்பேன், அடுத்த முறை வாயைத் திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ரேஷன் கடை ஸ்கிட்டின் ஒன்பது நிமிடக் கைப்பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒளிபரப்பான ஆறு நிமிடத்தில் எந்த வரி எங்கே போயிற்று, எது எப்போது நுழைந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். தொலைக்காட்சி நகைச்சுவையைப் பற்றி முறையாக எழுத உங்களில் எவரேனும் முன்வந்தால், அந்த நடிகரின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு, இரண்டையும் அனுப்பி வைக்கிறேன். முதல் விமர்சனத்தை அதிலிருந்தே தொடங்கலாம். என் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்கிட் எழுத்தாளர் ஒருவர்
சென்னை